பூச்சாடியில் நிற்கும் மரல்



நம் பள்ளி நடைகூடங்களிலும் அடுக்குமாடி வீட்டு வாசல்களிலும் வாள்போல் நிமிர்ந்த இலைகளோடு ஒரு செடி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பச்சை இலையில் சாம்பல் வரிகள் ஓடும். சிலவற்றுக்கு மஞ்சள் கரையும் உண்டு. நாம் பாம்புச் செடி என்போம். மலாய் மொழியில் லிடா ஜின், அதாவது பூதத்தின் நாக்கு. ஆங்கிலத்தில் மாமியார் நாக்கு என்ற பெயரும் உண்டு. (அதை நான் வகுப்பில் சொல்வதில்லை!)

இச்செடியின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. ஆயினும், இதே இனத்தைச் சேர்ந்த செடியொன்று தமிழ்நிலத்தில் இயல்பாக வளர்கிறது. சங்கப் புலவர்கள் அதனை மரல் என்றனர். மருள் என்றும் வழங்கும். கலித்தொகையின் பாலைப்பாட்டு ஒன்றில், மழை வறண்ட சுரத்தில் மரையா என்னும் காட்டுவிலங்கு தின்பது இந்த மரலைத்தான். புறநானூற்றின் 264ஆம் பாடலோ போரில் மாண்ட வீரனின் நடுகல்லைக் காட்டுகிறது. கல்லில் அவன் பெயர் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கீறிய மரல் நாரில் சிவந்த பூக்களைத் தொடுத்து அணிவித்திருக்கின்றனர். இத்தகைய சொல்லுக்கு 'ஒருவகைச் செடி' என்று பொருள் எழுதிக் கடந்து போவது எனக்கு உடன்பாடன்று. மாணவன் வீட்டு வாசலிலேயே அதன் உறவு நிற்கிறதே!

மருள் நார் வலிமை மிக்கது. அதில் வில்லுக்கு நாண் திரித்தனர். ஆங்கிலேயரும் அதனை வில்நாண் சணல் என்றே அழைத்தனர். 1793இல் கல்கத்தா தாவரத் தோட்டப் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்சுபரோ இச்செடியைப் பற்றி எழுதியுள்ளார். சன்செவியேரியா ராக்சுபர்கியானா என அதன் அறிவியற் பெயரிலும் அவர் இடம்பெற்றார். அண்மைக் காலத்தில் தாவரவியலாளர் இவ்வினத்தை டிராசீனாவுடன் சேர்த்துவிட்டனர். பாம்புச் செடி 2017இல் அங்குச் சென்றது.

வறண்ட நிலத்தில் வாழப் பழகிய இனம் இது. இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரிவளியை வாங்கிக்கொள்ளும். பகல் வெயிலில் அவற்றை மூடி நீரைக் காத்துக்கொள்ளும். ஆகவே சாடி மண் முழுதும் காய்ந்த பின்னர் நீர் ஊற்றினால் போதும். பள்ளி விடுமுறையில் எவரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் தாங்கும். நம் நாட்டு மழையில் நனைய விட்டாலோ, அடித்தட்டில் நீர் தேங்கினாலோ கிழங்கு அழுகிவிடும். இலைத்துண்டை நட்டாலும் முளைக்கும். ஆனால் மஞ்சள் கரை வராது. கரை வேண்டுவோர் கிழங்கைப் பிரித்து நட வேண்டும்.

இது காற்றைத் தூய்மையாக்கும் என்ற பேச்சு, 1989இல் நாசா அடைத்த பெட்டிக்குள் செடிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது. காற்றோட்டமுள்ள அறையில் சில சாடிகளால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 2019இல் வெளிவந்த மீளாய்வு காட்டிற்று. சன்னலைத் திறந்து வையுங்கள்.

பாடத்தில் மரல் வந்தால் முதிர்ந்த இலை ஒன்றை அறுத்து, கரண்டியால் சதையைச் சுரண்டிக் காட்டலாம். வெண்மையான நார் வெளிப்படும். மாணவர் அதில் பூத்தொடுத்தும் பார்க்கலாம். சாறு சிலருக்கு அரிப்புத் தரும். முடித்தபின் கைகளைக் கழுவச் சொல்லுங்கள்.