கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது?

பிரின்டரில் அச்சு கெட்டால் பலரும் உடனே கார்ட்ரிட்ஜை மாற்றுகிறார்கள், அல்லது ‘கிளீனிங்’ பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் கெட்டுப்போன தாளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கோடு தாளின் அகலவாக்கில் ஓடுகிறதா, நீளவாக்கில் ஓடுகிறதா? இங்க்ஜெட்டும் லேசரும் செய்வது ஒரே வேலை என்றாலும் பழுதாகும் விதத்தில் நேரெதிரானவை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு ஆகாது.

இங்க்ஜெட்டில் ஹெட் இடவலமாக ஓடி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே மையைத் தெளிக்கிறது. ஒரு துளியின் அளவு சில பிக்கோலிட்டர்தான். லட்சம் கோடி பிக்கோலிட்டர் சேர்ந்தால் ஒரு லிட்டர். துளை ஒன்றில் மை உறைந்தால் அந்த வரிசை விட்டுப்போய், அகலவாக்கில் வெள்ளைக் கோடு விழும். லேசரில் எழுத்து முதலில் டிரம் என்கிற உருளையின் மேல் உருவாகிறது. லேசர் கதிர் பட்ட இடங்களில் டோனர் தூள் ஒட்டிக்கொண்டு தாளுக்கு மாறுகிறது. பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஃபியூசர் அதை உருக்கிப் பதிக்கிறது. தாள் உருளைகளைக் கடந்து நீளவாக்கில் நகர்வதால், டிரம்மில் விழுந்த கீறல் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடாக இழுபடுகிறது. ஹெச்.பி. நிறுவனம் திங்க்ஜெட், லேசர்ஜெட் என இரு வகையையும் 1984ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றுமுதல் இவை அக்கம்பக்கமாகவே இருந்தாலும் இரண்டையும் ஒன்றாகவே கருதிப் பணத்தை வீணாக்குகிறோம்.

இங்க்ஜெட் சும்மா கிடந்தால் கெடும். லேசர் உழைத்துத் தேய்ந்து கெடும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்தாலும் டோனர் காய்ந்துபோகாது, அது தூள். மையோ வாரக்கணக்கில் ஓடாமல் இருந்தாலே துளையில் உறையத் தொடங்கும். எப்போதாவது ஒரு ஹால் டிக்கெட், ஒரு ஆதார் நகல் என்று அச்சடிக்கும் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை லேசரே ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான். இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது எடுக்க வேண்டும். இன்னொன்று, சுவரிலுள்ள சுவிட்சை நேராக அணைக்கக் கூடாது. பிரின்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். பாதி வழியில் மின்சாரம் நின்றால் திறந்தபடியே கிடந்து காயும்.

இங்க்ஜெட்டில் கோடு விழுந்தால் முதலில் ‘நாசில் செக்’ எடுத்துப் பாருங்கள். கட்டங்களில் எந்த நிறம் விட்டுப்போகிறது என்று அதில் தெரியும். பிறகு ஒருமுறை கிளீனிங், மறுபடி நாசில் செக். இரண்டு மூன்று முறைக்கு மேல் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஓர் இரவு விட்டுவைப்பது நல்லது. டேங்க் மாடல்களில் குழாயில் புகுந்த காற்றுக் குமிழி அதற்குள் விலகிவிடுவது உண்டு. ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையை உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் பிரின்டரே வேலை செய்ய மறுக்கும். ஹெச்.பி., கேனன் நிறுவனங்களின் பல சிறிய மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருவதால் புதிய கார்ட்ரிட்ஜ் போட்டாலே தீர்ந்துவிடும். எப்சனில் ஹெட் இயந்திரத்தோடு நிலையாக இருக்கும், மாற்றச் செலவு அதிகம். ஆகவே அதில் டேங்க் காலியாகும் வரை ஓட்டவே கூடாது.

லேசரில் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். ஒரே கறை தாளில் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். அது ஏதோ ஓர் உருளையின் சுற்றளவு. 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் போகும்; 75க்கு ஒரு புள்ளி விழுந்தால் டிரம்மில்தான் காயம். இடைவெளி வேறாக இருந்தால் மற்ற உருளைகளைச் சந்தேகிக்க வேண்டும். எழுத்து விரலால் தேய்த்ததும் உதிர்ந்தால் கோளாறு ஃபியூசரில், அல்லது தடித்த தாளைப் போட்டுவிட்டு செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று விட்டிருப்பீர்கள். நடுவில் வெளிறினால் டோனர் தீரப்போகிறது. கார்ட்ரிட்ஜை எடுத்து மெதுவாக இடவலமாக ஆட்டிப் போட்டால் இன்னும் கொஞ்சம் பக்கங்கள் வரும். வெளியே எடுத்த டிரம்மை வெயிலில் வைக்க வேண்டாம், ஒளி அதைக் கெடுக்கும்.

நம் ஊர்களில் ஹெச்.பி. லேசரின் 12ஏ, 88ஏ கார்ட்ரிட்ஜுகளை ரீஃபில் செய்வது சாதாரணம். நான் அதைக் குறை சொல்லவில்லை, சிறு அலுவலகங்கள் அதனால்தான் சமாளிக்கின்றன. ஆனால் பக்கம் முழுக்கச் சாம்பல் படர்ந்தாலோ, நீளக் கோடு விழுந்தாலோ தூளை மட்டும் நிரப்பிப் பயனில்லை. டிரம், அதைத் துடைக்கும் பிளேடு இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கெட்ட தாளையும் கார்ட்ரிட்ஜோடு கடைக்குக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டுக்கும் பொதுவான இரண்டு சந்தேகங்கள் உண்டு. பிரின்டரே தரும் சோதனைப் பக்கம் பளிச்சென்று வந்தால் இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படமோ, ‘டிராஃப்ட்’ செட்டிங்கோதான் காரணம். இன்னொன்று தாள். ஐப்பசி கார்த்திகையில் பிரித்து வைத்த கட்டு ஈரம் குடிக்கும். அப்போது லேசரில் டோனர் சரியாக மாறாமல் திட்டுத்திட்டாக வெளிறும், தாள் சுருண்டு வரும். இங்க்ஜெட்டில் எழுத்தின் ஓரம் கசியும். பிரிக்காத கட்டிலிருந்து நான்கு தாள் போட்டுப் பாருங்கள். மீதியை பாலிதீன் உறையில் சுற்றி அலமாரியில் வையுங்கள், டிரேயில் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும்.