குருதியில் தெரியும் மறதி

முதுமையும் மறதியும் உடன்பிறந்தவை என்று மக்கள் நெடுங்காலமாக எண்ணி வந்தனர். ஆனால், சந்தைக்குச் சென்றவர் வாங்க வேண்டிய பொருள்களுள் ஒன்றை மறந்து வருவது வேறு. பல்லாண்டு நடந்து பழகிய சந்தைக்கு வழியே புலப்படாமல் நடுத்தெருவில் நிற்பது வேறு. முன்னது மூப்பின் இயல்பு. பின்னது மூளையின் நோய். இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்த வரலாற்றை இன்று சுருக்கமாகக் கூறுகிறேன்.

1901-ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியில் உள்ள பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் ஆகஸ்டே டெட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். வயது 51தான். அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவரைப் பன்முறை வினவி, விடைகளைக் குறித்து வைத்தார். தம் பெயரை எழுதுமாறு கூறியபோது அவரால் அதனை எழுதி முடிக்க இயலவில்லை. 1906-இல் அவர் காலமான பின், அவருடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டான படிவுகளையும், உள்ளே முறுக்கிக் கொண்ட இழைகளையும் கண்டார். 1910-இல் கிரெப்பெலின் என்னும் அறிஞர் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

அப்படிவுகள் எதனால் ஆனவை? விடை கிடைக்க முக்கால் நூற்றாண்டு சென்றது. 1984-இல் அமெரிக்காவில் கிளென்னரும் வோங்கும் அமிலாய்டு என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினர். முறுக்கிய இழைகள் டாவ் என்னும் புரதத்தால் ஆனவை என்பது 1986-ஐ ஒட்டித் தெளிவாயிற்று.

எனினும் ஒரு பெருங்குறை எஞ்சி நின்றது. நோயை ஐயமறத் துணிய, நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது! 1990-களில் முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி எடுத்த நீரில் இப்புரதங்களை அளந்தனர். 2004-இல் பிட்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர்கள் உயிரோடிருப்போர் மூளையிலுள்ள அமிலாய்டைப் படம் பிடித்துக் காட்டும் முறையை வெளியிட்டனர். முன்னது நோயாளி அஞ்சும் முறை. பின்னது பெரும் பொருட்செலவு கோரும் முறை.

குருதியில் அளந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். மூளையிலிருந்து குருதிக்கு வந்து சேருவது மிகச் சிறிதளவே. ஒரு கிராமை இலட்சம் கோடிக் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அந்த அலகால் அளக்க வேண்டிய அளவு அது. அதையும் வேறு புரதங்களின் பெருங்கூட்டத்திடையே தேடிப் பிடிக்க வேண்டும்.

2018-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதனைச் சாதித்துக் காட்டினர். பெரிய மூலக்கூறுகளை நிறுக்க வழி கண்டு 2002-இல் நோபெல் பரிசு பெற்ற கொயிச்சி தனாகாவும் அக்குழுவில் இருந்தார். 2020-இல் ஸ்வீடனின் லுண்ட் நகர அறிஞர்கள் முதலானோர், டாவ் சங்கிலியின் 217-ஆம் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவத்தைக் குருதியில் அளந்து, அல்சைமர் நோயை ஏனைய மூளை நோய்களிலிருந்து நன்கு பிரித்தறியலாம் என்று நிறுவினர். 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இவ்வகைக் குருதிச் சோதனை ஒன்றுக்கு முதன்முதலாக இசைவு தந்தது. 55 வயது நிறைந்து, நோய்க்குறிகளோடு வருவோர்க்கே அது உரியது. அதுவும் மருத்துவரின் பிற ஆய்வுகளோடு சேர்த்தே கொள்ளத்தக்கது.

இவ்வரம்பு வீணாக விதித்ததன்று. சிறுநீரகம் பழுதுற்றவரிடம் இவ்வளவைகள் நோயின்றியே உயரக்கூடும். மூளையில் அமிலாய்டு படிந்தும் நினைவு குன்றாமல் வாழ்ந்து முடிப்போரும் உளர். நலமாக இருப்பவர் வெறும் ஆவலால் சோதித்துக்கொண்டு, ஓர் எண்ணைக் கண்டு எஞ்சிய நாளெல்லாம் கலங்குவது அறிவுடைமை ஆகாது.

அதற்காக மறதியை மறைத்து வைப்பதும் தகாது. பி12 உயிர்ச்சத்துக் குறைவும் தைராய்டு சுரப்பியின் சோர்வும்கூட நினைவை மங்கச் செய்யும். இவை எளிய சோதனையால் வெளிப்படும், மருந்துக்கும் கட்டுப்படும். அல்சைமர் நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. தொடக்க நிலையில் அதன் வேகத்தைச் சற்றுத் தணிப்பவை மட்டும் வந்துள்ளன. ஆனால், நோய் இன்னதென்று அறிந்த குடும்பம் முதியவரைக் கடிந்துகொள்ளாது. கேட்டதையே கேட்கிறார் என்று சினவாது. வேண்டுமென்று செய்கிறார் என்று பழிக்காது. அவர் தெளிவோடு இருக்கும்போதே அவர் விருப்பங்களைக் கேட்டறிந்து நடக்கும். ஒரு துளிக் குருதி இன்று நமக்குத் தரக்கூடிய பெரும்பயன் இதுவே.