விளையாட்டுக்கூடத்தின் கதவு

கியூபெக் பிரெஞ்சில் பின்போலுக்கு 'மஷின் ஆ பூல்' என்று பெயர், உருண்டை இயந்திரம். சரிவான கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இரும்புக் குண்டு, அது கீழே விழாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள். இதை வைத்துப் பிழைத்தவர்கள் நெடுங்காலம் சட்டத்தோடு மல்லுக்கட்டினார்கள். நியூயோர்க் 1942இல் இதைச் சூதென்று தடைசெய்தது. துடுப்புகள் வந்ததே 1947இல்தான். இது திறமை விளையாட்டு என்று ரோஜர் ஷார்ப் மாநகரசபையினர் முன் ஆடிக்காட்டிய பிறகு, 1976இல் தடை நீங்கியது.

மொன்றியல் மாநகரசபையின் கவலை பிள்ளைகளைப் பற்றியது. 18 வயதுக்கு உட்பட்டோர் விளையாட்டுக்கூடங்களில் நுழையக்கூடாது, இயந்திரங்களில் விளையாடக்கூடாது என்று அது உபவிதி இயற்றியது. சந்தியில் நின்றால் படிப்புக் கெடும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கவலை புதிதல்ல. ஆர்கேட் அமியூஸ்மென்ட்ஸ் என்ற நிறுவனமும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். 1985இல் கனடிய உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நீதியரசர் ஜோன் பேட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் எளியது: சட்டமன்றம் அதிகாரம் கொடுத்தாலன்றி, மாநகரசபை வயதைக் காட்டி ஆட்களைப் பிரிக்க முடியாது.

நீதிமன்றத்தில் வென்ற தொழிலை வரவுசெலவு வென்றது. வீட்டுக்குள்ளேயே வீடியோ விளையாட்டு வந்துவிட்டது. பெரிய உற்பத்தியாளரான வில்லியம்ஸ் 1999இல் பின்போலைக் கைவிட்டது. இன்று புதிய இயந்திரம் ஒன்று ஏறத்தாழ 7,000 அமெரிக்க டொலர். ஆட்டத்துக்கு ஒரு கனடிய டொலர் என்றால், முதலை மீட்கவே ஒன்பதாயிரம் ஆட்டங்களுக்கு மேல் வேண்டும். வாடகை, தேயும் ரப்பர் வளையங்கள், எரிந்துபோகும் கம்பிச்சுருள்கள் எல்லாம் அதற்கு மேல்.

எனவே பியர்தான் இயந்திரங்களுக்குச் சோறு போடுகிறது. சென் லோரன் தெருவில் 'நோர்த் ஸ்டார் மஷின் ஆ பியாஸ்த்ர்' திறந்தபோது அது பின்போல் மதுச்சாலையாகவே திறந்தது. பியாஸ்த்ர் என்பது கியூபெக் பேச்சுவழக்கில் டொலர். கியூபெக்கில் மதுச்சாலை உரிமம் உள்ள இடத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. உபவிதி சாதிக்காததை உரிமம் சாதித்துவிட்டது. இதற்கெதிராக வழக்குப் போட யாருமில்லை.

வழி முற்றாக அடைபடவில்லை. உணவக உரிமம் பெற்று, சாப்பாட்டோடு மது பரிமாறும் இடத்துக்குள் பிள்ளைகள் வரலாம். அதற்குச் சமையலறையும் சமையற்காரரும் வேண்டும், இலாபமும் குறையும். அந்தச் செலவை ஏற்கும் முதலாளி கிடைக்கும்வரை, 1985இல் பிள்ளைகளுக்குக் கிடைத்த தீர்ப்பு ஏட்டில் இருக்கும். அவர்கள் வெளியில் நிற்பார்கள்.