தலைக்கு ஒரு கூப்பன்

மூத்தம்மா மௌத்தான கிழமை, அவவின் கூப்பன் புத்தகம் பெட்டகத்தின் மேல் கிடந்தது. அந்தக் கிழமைக்குரிய துண்டு இன்னும் வெட்டப்படவில்லை. கத்தத்துக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வந்து தங்கியிருந்தார்கள். அரிசிப் பானையின் அடி தெரிந்துவிட்டது. உம்மா புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கிழமை அரிசிய மட்டும் எடுத்துட்டு ஒப்படைப்பமே" என்றார். வாப்பா தறிக்குழியிலிருந்து எழும்பி வந்தார். "மௌத்தாகின மனுசிட அரிசி நமக்கு வேணாம்" என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு விதானையார் வீட்டுக்கு நடந்தார். 1969ஆம் ஆண்டு அது. எனக்கு எட்டு வயது.

அந்தக் காலத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய அரிசிக் கூப்பனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் பிறப்புப் பத்திரத்தோடு போய்ப் பதிய வேண்டும். வீடு மாறினால் கூப்பனையும் மாற்ற வேண்டும். தேசிய அடையாள அட்டை 1972இல்தான் வரத் தொடங்கியது. அதற்கு முன்பு, இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் மருதமுனையில் ஒரு வீட்டில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு அரசாங்கம் ஒத்துக்கொண்ட அத்தாட்சி அந்தப் புத்தகம்தான்.

அந்தப் புத்தகமும் மௌத்தாகி நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதற்கு யாரும் கத்தம் ஓதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஏழு புத்தகங்கள் இருந்தன. மூத்தம்மா, வாப்பா, உம்மா, தாத்தா, நான், தம்பிமார் இருவர். (எங்கள் பக்கத்தில் பாட்டியை மூத்தம்மா என்றும் அக்காவைத் தாத்தா என்றும் சொல்வோம்.) ஏழையும் ஒன்றாக அடுக்கி, நெய்து கழித்த பாவு நூலால் கட்டி, சீலைப் பைக்குள் வைத்துத் தந்துவிடுவார் உம்மா. சங்கக்கடையில் கட்டை அவிழ்த்து மேசையில் வைக்க வேண்டும். கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றாக விரித்துப் பேரை வாசிப்பார், துண்டை வெட்டுவார், இடாப்பில் கோடு போடுவார். பிறகு அரிசிக்காரர் கொத்தை மூட்டைக்குள் விட்டு அள்ளுவார். ஒரு கொத்து என்பது ஏறத்தாழ இரண்டு இறாத்தல் அரிசி. அளந்து தலைதட்டி, "ஒண்டு... ரெண்டு..." என்று பைக்குள் கொட்டுவார். மூத்தம்மாவுக்கு ஒன்று. வாப்பாவுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று, அதே கொத்தால், அதே தலைதட்டோடு. நாள் முழுக்கத் தறி மிதிக்கிற வாப்பாவுக்கும் பள்ளிக்கூடம் போகிற எனக்கும் ஒரே அளவு என்பது எனக்கு அந்த வயதில் பெரிய ஆச்சரியம். என் பேரை ஓர் அந்நியர் வாசித்து, அந்தப் பேருக்கென்று ஒரு பொருளை அளந்து போட்டது அங்கேதான் முதல்முறை.

அரிசி நல்ல அரிசி என்று சொல்ல மாட்டேன். பர்மாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வந்து, களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்து, சணல் சாக்கின் வாடையோடு வரும். வண்டு இருக்கும், கல் இருக்கும். உம்மாவும் தாத்தாவும் சுளகு எடுத்துக் குந்தினால் அஸர் தொழுகை வரைக்கும் புடைப்பார்கள். வசதியுள்ள வீடுகளில் கூப்பனரிசியைக் கோழிக்குப் போடுவார்கள் என்று சொல்வதுண்டு. எங்கள் வீட்டில் அதுதான் சோறு. நோன்பு காலத்தில் அதுதான் கஞ்சி.

கல்முனைக் கரையை அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர்கள் இவை. பிரதான வீதியைக் கடந்து மேற்கே போனால் நற்பிட்டிமுனை, கிட்டங்கி, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டைகள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் இங்கினியாகலை அணையும் அந்த வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. நாட்டுக்கே நெல் கொடுக்கிற மண். அப்படியிருக்கச் சீனத்து அரிசியை ஏன் தின்றோம்? வட்டை, நிலம் வைத்திருக்கிற போடியாருடையது. சூடடித்து முடிய, நெல்லு அவணக் கணக்கில் போடியார் வீட்டுப் பட்டறைக்குப் போகும். நெசவாளிக்கும், கரைவலை இழுப்பவருக்கும், வண்டிக்காரருக்கும், கூலிக்கு அருவி வெட்டப் போகிறவருக்கும் வயல் என்பது பார்க்கிற பொருள். அறுவடைக் காலத்தில் நெல் மணம் எங்கள் முற்றம் வரை வரும். சோற்றுக்கு நாங்கள் கூப்பனை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போவோம்.

அது எப்படி வந்தது என்பதை வாப்பாதான் சொன்னார். 1942இல் யப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். அந்த ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. இலங்கைக்கு அரிசி வந்த பாதை அடைபட்டது. இருக்கிற அரிசியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக வந்த ஏற்பாடு, யுத்தம் முடிந்த பிறகும் போகவில்லை. 1952இல் சீனாவோடு ரப்பரும் அரிசியும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் செய்து, அந்த அரிசியும் கூப்பனுக்கு வந்தது. வெள்ளைக்காரன் போனான், கட்சிகள் மாறின, கூப்பன் நிலைத்து நின்றது.

அதைத் தொட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1953இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, கொத்து 25 சதமாக இருந்ததை 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலுக்குள் அமைச்சரவை கூடியது. துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் இறந்தார்கள். இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதே டட்லி 1966 கடைசியில் இரண்டு கொத்தை ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசமாக்கினார். மூத்தம்மா மௌத்தானபோது வீட்டில் இருந்தது அந்த ஒரு கொத்துக் கூப்பன். 1970 தேர்தலில், சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து இரண்டாவது கொத்தைத் தருவோம் என்ற பேச்சு மேடைமேடையாக முழங்கியது. சொன்னவர்கள் வென்றார்கள். கொத்தும் காசுக்கு வந்தது, கொஞ்சக் காலம்.

பிறகு வந்தது 1973. உலகச் சந்தையில் அரிசி, மா, எண்ணெய் எல்லாம் ஏறிப்போக, கூப்பன் சுருங்கியது. சுபஹுக்கு முன்பே பாணுக்கு வரிசை. வீதியில் அரிசித் தடை போட்டு, பஸ்ஸை மறித்து, பெண்களின் பைகளைக் கிளறினார்கள். சம்மாந்துறையிலிருந்து மகளுக்கு நாலு கொத்து அரிசி கொண்டுவருவதுகூடக் கடத்தலானது. 1974இல் நாட்டின் இறப்பு வீதம் ஏறியது. மலையகத் தோட்டங்களில் அந்த அடி எல்லாரையும்விடப் பலமாக விழுந்தது. பஞ்சத்தைப் பற்றி எழுதிய அமர்த்தியா சென், ஏழை நாடான இலங்கையில் மக்கள் நீண்ட ஆயுளோடு வாழ்ந்ததற்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியோடு இந்தக் கூப்பனரிசியையும் சேர்த்துக் காரணம் சொன்னார். நான் அதைப் படித்தது ஆசிரியராகி வெகு காலத்துக்குப் பிறகு. படிக்கும்போது எனக்கு நினைவு வந்தது தலைதட்டிய கொத்துத்தான்.

1974இல் நான் வயதுக்கு வந்தேன். அதோடு சங்கக்கடைக்குப் போவது நின்றது. தம்பி போனான். எனக்கு அந்த வரிசை இல்லாமற்போனது பெரிய கவலை.

அந்த வரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் எல்லாரும் நிற்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி, மரைக்காரின் பேரன், கரையில் மீன் வாரும் கிழவி, பாண்டிருப்பிலிருந்து வந்த தமிழ்ப் பெண், கூப்பனை ஈடுவைத்து மீட்டவர். போடியார் வீட்டுப் புத்தகங்களும் வேலையாளின் கையில் வரும். அரிசி எடுப்பது எவருக்கும் வெட்கமாக இருக்கவில்லை. வெட்கமில்லாததால் வாயும் இருந்தது. மூட்டையில் ஈரமிருந்தால், தராசு சரிந்தால், சீனி வரவில்லை என்றால், வாத்தியார் சத்தம் போடுவார். வாத்தியார் போட்ட சத்தத்தில் மீன்காரக் கிழவிக்கும் நிறைவான கொத்துக் கிடைக்கும். நாங்கள் அரிசி எடுத்த கடையில் களவு நடக்காமலில்லை. கொத்துக்குள் பெருவிரலை வைத்து அளந்த ஒருவரை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த விரலைக் கண்டு கத்துவதற்கு அங்கே ஊரே நின்றது.

1977இல் ஜே. ஆர். மேடைகளில் கிழமைக்கு எட்டு இறாத்தல் தானியம் என்றார். எங்கள் தெருவில் அதைக் கேட்டு மனம் மகிழாதவர்கள் குறைவு. அவர் வென்றார். 1978இல், மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் கூப்பன் என்றார்கள். நாட்டில் ஏறத்தாழப் பாதிப் பேர் வரிசையிலிருந்து விலகினார்கள். 1979 செப்டெம்பரில் அரிசியே போய், உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, பன்னிரண்டு வரைக்கும் 20, அதற்கு மேல் 15. விலை ஏறியபோது முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. மூன்று வருடத்துக்குள் அந்த 15 ரூபாவுக்கு வாங்கக்கூடிய அரிசி வெகுவாகக் குறைந்துவிட்டது.

1953இல் கொத்துக்கு 45 சதம் கூட்டியதற்கு நாடு பற்றியெரிந்தது. கால் நூற்றாண்டு கழித்து, அதே மனிதர் கொத்தையே எடுத்தபோது ஒரு கல்கூட விழவில்லை. எனக்கு விளங்குகிற காரணம் ஒன்றுதான்: முதலில் வாத்தியாரை வரிசையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மிஞ்சி நின்றவர்கள் எல்லாரும் 'ஏழை' என்று எழுதிக் கொடுத்தவர்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர் தராசைப் பார்த்துச் சத்தம் போடுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு 1978இல் இரண்டு அடி விழுந்தது. வாப்பாவின் நெசவு வருமானம் 300ஐ ஒட்டி மேலும் கீழுமாக ஆடியது. விசாரிக்க வந்தவரிடம் வாப்பா உள்ளதைச் சொன்னார். கூப்பன் போனது. அதே நேரத்தில் திறந்துவிட்ட சந்தையில் வெளிநாட்டுச் சாரனும் சீலையும் குவிந்தன. மூடிய நாட்டில் மருதமுனைச் சாரனுக்கு இருந்த கிராக்கி கரைந்தது. அரிசி குறைந்த எழுபதுகளில் தறி ஓடியது. அரிசி கடையில் நிறைந்தபோது தறி நின்றது. இதை வாப்பா எவரிடமும் முறையிட்டதில்லை. மத்தியானத்தில் தெரு அமைதியாகக் கிடந்தால் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

அதே வருடம் நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி. மட்டக்களப்பிலிருந்து எங்கள் கரை வரைக்கும் தென்னை ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை. கூரை போய், சுவர் போய், பள்ளிவாசலில் படுத்திருந்தோம். நிவாரணம் கொடுக்க விதானையார் வந்தபோது, அவருக்கு ஊரில் எத்தனை தலை என்று தெரிய வேண்டியிருந்தது. நனைந்துபோன ஒரு பழைய கூப்பன் இடாப்பைத்தான் வெயிலில் விரித்துக் காயவைத்துப் பேர் வாசித்தார். வெட்டப்பட்ட எங்கள் பேர்களும் அதில் இருந்தன. அந்தக் கிழமை எங்களுக்கு ஆறு பங்கு அரிசி கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த உதவித் திட்டங்களின் பேர்கள் மாறின. 1989இல் ஜனசவிய, அதன்பின் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. ஒவ்வொன்றும் சிலரைத் தூக்கிவிட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் வாசலில் நின்று வீட்டை அளந்தது: சுவர் என்ன சுவர், மின்சாரம் எவ்வளவு எரிகிறது, வாகனம் உண்டா. அஸ்வெசும பட்டியல் ஒட்டிய நாள், பிரதேச செயலகத்தில் மேன்முறையீட்டுப் படிவத்தோடு நின்ற பெண்களைக் கண்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கிடைத்து எனக்கு ஏன் இல்லை என்று ஒருத்தி கேட்டாள். கூப்பன் காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் அறியேன்.

2022இல் எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றது. கியூஆர் அட்டை வந்தது. வாகனத்துக்கு வாகனம் கோட்டா எழுதினார்கள். அதைத் திறமையாகச் செய்தார்கள் என்றே சொல்வேன். அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்த வீடுகள் இருந்தன. மோட்டார் சைக்கிளுக்கு இலக்கம் இருந்தது. பானைக்கு இருக்கவில்லை.

எங்கள் ஆறு கூப்பன் புத்தகங்களையும் உம்மா எறியவில்லை. அதே பாவு நூலால் கட்டிப் பெட்டகத்தில் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து பெட்டகத்தோடு கொண்டுபோனது. உம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு தாத்தாவின் வீட்டில் பித்ரா அரிசி அளப்போம். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பங்கு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அன்று பிறந்த பிள்ளைக்கும் உண்டு. தாத்தாவிடம் அலுமினியக் கொத்து ஒன்று இருக்கிறது, விளிம்பு நசுங்கியது. இந்த வருடம் அதை அரிசிக்குள் விட்டு, தலைதட்டி, மூத்தவரிலிருந்து இளையவர் வரைக்கும் ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கொட்டினாள். மருமகள் தராசைக் கொண்டுவந்து வைத்து, "மாமி, கிலோவுல நிறுத்தாச் சுருக்கா முடியுமே" என்றாள். "பேரச் சொல்லி அளக்கணும் மகள்" என்றாள் தாத்தா. கடைசிப் பேர், பதினொரு நாள் வயதான பேத்தியுடையது. அந்தக் கொத்து கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. தாத்தா அதைத் திரும்ப மூட்டைக்குள் கொட்டிவிட்டு, மறுபடி அள்ளினாள்.