டார்ஜானிடம் கற்ற கோடு

தோழர்களே, சிறுவயதில் நாம் ரசித்த காமிக்ஸ் நாயகர்கள் யார் பக்கம் நின்றார்கள்? பில்லி கிரகாம் என்ற கறுப்பின ஓவியரின் கதை இதற்கு நல்ல பாடம். (புகழ்பெற்ற மதப் பிரசங்கியார் வேறு; இவர் வேறு.)

1935இல் பிறந்தவர் கிரகாம். அவரது சிறுவயதில் அமெரிக்க ஞாயிறு செய்தித்தாள்களில் டார்ஜானை வரைந்தவர் பர்ன் ஹோகார்த். ஆப்பிரிக்கக் காட்டுக்கு ஒரு வெள்ளையன் ராஜா. மண்ணின் மக்கள் ஒன்று வேலைக்காரர்கள், இல்லையேல் எதிரிகள். ஆனால் முறுக்கேறிய தசை, பாயும் உடல் என்று ஹோகார்த்தின் கை அபாரமானது. கிரகாமின் பாணியில் அந்தக் கையின் தாக்கம் உண்டு.

1972இல், தன் பெயரிலேயே இதழ் கண்ட முதல் கறுப்பின சூப்பர்ஹீரோவான லூக் கேஜ் வந்தார். முதல் இதழில் ஜார்ஜ் டஸ்காவின் பென்சில் கோடுகளுக்கு மை தீட்டியவர் கிரகாம். டஸ்காவும் அவரைப் பாதித்த ஓவியர்தான்.

'ஜங்கிள் ஆக்ஷன்' இதழ் வெள்ளைக் காட்டு நாயகர்களின் பழைய கதைகளை மறுபதிப்பிட்டு வந்தது. அதே இதழில் 1974 முதல் கிரகாம் பிளாக் பாந்தரை வரைந்தார். டான் மக்ரெகரின் கதையில், 1976இல் பாந்தர் கூ க்ளக்ஸ் கிளானோடு மோதினார். ஹோகார்த் டார்ஜானுக்குக் கொடுத்த கம்பீரம் இப்போது ஒரு கறுப்பு உடலுக்கு வந்தது.

தொழிலை யாரிடமும் கற்கலாம். கற்றதை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.