கிம்மிக்: பனிக்கடலின் நாய்

ரொறன்ரோத் தெருக்களில் நீலக்கண் ஹஸ்கியோடு நடப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். அது சைபீரியாவின் பிள்ளை. கனடாவின் வடக்குக்கு உரிய நாய் வேறு: இனுயிட் மக்களின் கிம்மிக். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இனுயிட்டின் மூதாதையரான தூலே மக்கள் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவியபோது கூடவே வந்த இனம்.

மரமில்லாத பனிவெளியில் இந்த நாய்களைச் சோடி சோடியாகப் பூட்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வார். விசிறிபோல் விரிந்து பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும். கடற்பனி மெலிந்த இடத்தில் பாரம் பரவிவிடும். ஒரு நாய் உள்ளே விழுந்தாலும் மற்றவை தப்பும். ஆனால் ஓடஓட வார்கள் பின்னிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி, உறைந்த சிக்கைக் குளிரில் நின்று பிரிக்க வேண்டும். சீல் மூச்சுவிட வரும் துளையை மோந்து காட்டுவதும், வேட்டைக்காரன் வரும்வரை துருவக்கரடியை வளைத்து நிறுத்துவதும் இதே நாய்தான். கோடையில் பொதி சுமக்கும். அரைவயிற்றோடும் இழுக்கும், இறைச்சியைக் கண்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். செல்லநாயின் குணத்தை இதனிடம் தேடக் கூடாது.

1950களில் இனுயிட் மக்கள் வேட்டை முகாம்களை விட்டுக் குடியிருப்புகளுக்கு நகர்த்தப்பட்டார்கள். அங்கே நாயைக் கட்டிவைக்க வேண்டும் என்றது சட்டம். அவிழ்ந்து திரிந்தவற்றைப் பொலிஸாரும் அதிகாரிகளும் சுட்டார்கள். ஓடி வளர்ந்த நாயைச் சங்கிலியில் போட்டால் மூர்க்கமாகும் என்று அந்த மக்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை. நோயும் ஸ்னோமொபைலும் நாய்களைக் குறைத்தது உண்மை. ஆனால் நோயில் செத்ததையும் சொந்தக்காரன் கண்முன் சுடப்பட்டதையும் ஒரே கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். நாய் இல்லாமல் வண்டி நகராது, வேட்டை இல்லை, இறைச்சி இல்லை. தன் குடும்பத்துக்குச் சோறுபோட்டவன் அரசின் உதவிப்பணத்துக்குக் கையேந்த நேர்ந்தது.

1970களில் அருகிவிட்ட இனத்தை வில்லியம் கார்பென்டர், ஜோன் மக்ராத் என்ற இருவர் தேடிச் சேர்த்துப் பெருக்கினார்கள். 2000இல் கனடாவின் வடக்குப் பிரதேசமான நுனவுட் அதைத் தன் அடையாள விலங்காக்கியது.

நாய்கள் சுடப்பட்டதைப் பற்றி முதியவர்களின் சாட்சியங்களைக் கேட்ட, நுனவுட்டின் கிகிக்தானி பகுதிக்கான உண்மை ஆணைக்குழு 2010இல் அறிக்கை தந்தது. 2019இல் கனடா அரசு அந்தப் பகுதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. வட கியூபெக்கின் நுனாவிக் மக்கள் மேலும் காத்திருந்தார்கள். 2024 நவம்பர் 23 அன்று காங்கிக்சுயுவாக் ஊரில் அவர்கள் முன் நின்று அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டவர், இலங்கையில் பிறந்து சிறுவயதில் கனடா வந்த அமைச்சர் கெரி ஆனந்தசங்கரி. 45 மில்லியன் டொலர் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது.

ஆணைக்குழுவின் அறிக்கைகள் எவரும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஈழத்தில் வீடும் வளவும் மாடும் பறிபோன கதையைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் அவற்றை வாசிக்க வேண்டும்.