கீழ் வகுப்பின் கதை

கொங்கு நாட்டில் மே மாதம் பிறந்துவிட்டால், கல்யாண வீட்டிலும் சரி, சந்தைக் கடையிலும் சரி, ஒரே கேள்விதான்: "பையன் ப்ளஸ் டூவில் எவ்வளவுங்க?" அறுநூறுக்கு எத்தனை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேச்சுத் தொடரும். "சின்னவன் மூன்றாம் வகுப்பில் இருக்கிறானே, புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறானா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வீட்டாரை அவமதித்ததாகக்கூட ஆகிவிடும்.

ஆனால், நாற்றங்காலில் சோடை போன நாற்றை வயலில் உரத்தைக் கொட்டித் தூக்கி நிறுத்த முடியாது என்பது இந்தச் சீமைக் குடியானவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரையில் மட்டும் அதை எப்படி மறந்தோம்? இத்தனைக்கும் கீழ் வகுப்பை உயர்த்த வேண்டும் என்று நாட்டிலேயே மிகவும் பாடுபட்ட இடங்களில் ஒன்று கோயமுத்தூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கதை 1937-இல் தொடங்குகிறது. அந்த வருஷம் அக்டோபரில் வார்தாவில் காந்திஜி ஒரு கல்வி மகாநாட்டைக் கூட்டினார். ஏழு வருஷம் இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் போதனை, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு இணைப்பது, பிள்ளைகள் செய்யும் பொருளின் விலையிலிருந்து நாளடைவில் உபாத்தியாயருக்குச் சம்பளம். இந்த நான்கையும் மகாநாடு ஏற்றது. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு பாடத்திட்டம் வகுத்தது. ஆதாரக் கல்வி என்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்தக் குழு போட்ட கால அட்டவணையைப் பார்த்தால் இன்றைய பெற்றோர் திடுக்கிட்டுப் போவார்கள். பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிஷம். தாய்மொழிக்கு 40 நிமிஷம். இசை, சித்திரம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிஷம். சமூக பாடத்துக்கும் பொது விஞ்ஞானத்துக்கும் 30 நிமிஷம். "பிள்ளை நூற்கப் போகிறானா, படிக்கப் போகிறானா?" என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தக்ளியில் இருந்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு நூல் நம்பர் என்றால் தெரியும். 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டில் இருபது சிட்டம் இருந்தால் அது இருபதாம் நம்பர் நூல். அப்படியானால் ஒரு பவுண்டில் எத்தனை கெஜம்? பதினாறாயிரத்து எண்ணூறு. மைலில் சொன்னால்? ஒன்பதரை. அதாவது ஒரு பவுண்டு நூலைப் பிரித்துக்கொண்டே நடந்தால் கோயமுத்தூரிலிருந்து ஏறக்குறைய பெரியநாயக்கன்பாளையம் வரை வந்துவிடலாம். பெருக்கலும் வகுத்தலும் அளவையும் பூகோளமும் ஒரு பையனுடைய விரல் நுனியில் சேர்ந்துவிடுகின்றன. பருத்தி எங்கே விளைகிறது, மழை எப்போது வருகிறது, மில் எப்படி வந்தது என்று கேட்டால் விஞ்ஞானமும் சரித்திரமும் கூடவே வரும். நல்ல உபாத்தியாயர் கையில் அந்த 3 மணி 20 நிமிஷமும் படிப்புத்தான்.

அந்தப் பெரியநாயக்கன்பாளையத்தில்தான் ராமகிருஷ்ண வித்தியாலயம் இருக்கிறது. 1930-இல் அதைத் தொடங்கியவர் தி. சு. அவினாசிலிங்கம். திருப்பூரில் பிறந்தவர், வக்கீலுக்குப் படித்தவர், சுதந்திரப் போரில் பல முறை சிறை சென்றவர், கல்யாணமே செய்துகொள்ளாமல் வாழ்நாளைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தவர். 1934-இல் காந்திஜி வந்து அங்கே அஸ்திவாரக் கல் நாட்டினார். பிற்பாடு ஆதாரக் கல்விக்கும் அதற்கான ஆசிரியப் பயிற்சிக்கும் அந்த இடம் பெயர்பெற்றது. 1946 முதல் 1949 வரை அவினாசிலிங்கம் சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாக இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் தமிழே போதனாமொழியாக வேண்டும் என்று முன்னின்றவர் அவர்.

அவருடைய பள்ளியில் உபாத்தியாயராக இருந்தவர்களில் ஒருவர் ஈரோட்டுப் பக்கத்துக் கவிஞர் பெரியசாமித் தூரன். அவரைத்தான் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பதிப்பாசிரியராக்கினார்கள். 1954 முதல் 1968 வரை அதன் பத்துத் தொகுதிகள் வந்தன. அதோடு தூரன் ஓய்ந்துவிடவில்லை. அடுத்தாற்போல் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கான பெரும்பணியை முடித்த கையோடு ஒருவர் பத்து வயதுப் பிள்ளைக்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார் என்றால், கீழ் வகுப்பில் பாடம் நடத்தியவர்களுக்கே அந்தப் பொறுமை வரும்.

இவ்வளவு நல்ல விதை ஏன் ஊரெல்லாம் முளைக்கவில்லை? முதல் காரணம் உபாத்தியாயர். தக்ளியிலிருந்து கணக்கை எடுப்பவருக்குத் தக்ளியும் தெரிய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனமும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் தயார் செய்யாமல் தக்ளியை மட்டும் ஆயிரக்கணக்கில் அனுப்பினால், பிள்ளைகள் நூற்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் 1953-இல் வெளியே வந்தது. பள்ளிக்கு வர வேண்டிய குழந்தைகள் ஏராளம். கட்டடமும் உபாத்தியாயரும் பணமும் குறைவு. முதல்மந்திரி ராஜாஜி ஒரு வழி கண்டார். கிராமத்து ஆரம்பப் பள்ளியில் நாளுக்கு மூன்று மணி நேரப் படிப்பு; பாதிப் பிள்ளைகள் காலையில், பாதிப் பிள்ளைகள் பிற்பகலில். மிச்ச நேரத்தில் தகப்பனாரோடு இருந்து வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். இருக்கும் பள்ளியில் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாமே என்பது அவருடைய கணக்கு.

கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் கேட்டவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. தகப்பனாரின் தொழில் என்பது நம் நாட்டில் ஜாதியின் தொழிலல்லவா? சவரத் தொழிலாளியின் மகன் கத்தியையும், சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவியையும் படிக்க வேண்டுமா? ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தி.மு.க. போராடியது. காங்கிரசுக்குள்ளேயே புகைந்தது. சட்டசபையில் வாக்குகள் சரிசமமாகப் பிரிகிற அளவுக்குப் போயிற்று. திட்டத்துக்காகச் சபையில் வாதாட வேண்டியிருந்த கல்வி மந்திரி, பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1954-இல் ராஜாஜி விலகிக் காமராஜர் வந்தபோது, அதே சி. சுப்பிரமணியமே கல்வி மந்திரியாகத் தொடர்ந்து, அந்தத் திட்டம் கைவிடப்பட்டதென்று அறிவித்தார்.

வார்தாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கவனிக்கத்தக்கது. வார்தாவில் தொழில் பள்ளிக்குள் வந்தது. எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே தக்ளியைச் சுற்றினார்கள். பக்கத்தில் உபாத்தியாயர் இருந்தார். 1953-இல் பிள்ளை தொழிலுக்காகப் பள்ளியை விட்டு வெளியே போனான். உபாத்தியாயர் பள்ளியிலேயே நின்றுவிட்டார். அதோடு, மூன்று மணி நேரப் படிப்பு கிராமத்துப் பிள்ளைக்குத்தான். பட்டணத்துப் பிள்ளைக்குப் பழைய நேரமே. தன் பிள்ளைக்கு ஏற்றுக்கொள்ளாததை ஊரான் பிள்ளைக்குச் சிபாரிசு செய்தால் அந்தச் சிபாரிசை யார் நம்புவார்கள்?

ஆதாரப் பள்ளியும் இதே கல்லில்தான் தடுக்கி விழுந்தது. அதைப் புகழ்ந்து பேசிய படித்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை. அது ஏழைப் பள்ளி, கிராமப் பள்ளி என்று ஆயிற்று. 1966-இல் கோத்தாரி கல்விக் குழு தன் அறிக்கையில் ஆதாரக் கல்வியின் சாரத்தை 'வேலை அனுபவம்' என்ற பெயரில் எல்லாப் பள்ளிக்கும் வைக்கச் சொன்னது. எல்லோர் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப் பள்ளி வேண்டும் என்றும் சொன்னது. முதலாவது ஒரு பீரியடாகச் சுருங்கியது. இரண்டாவது நடக்கவே இல்லை.

காமராஜர் காலத்தில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் உழைப்பில் பள்ளிகள் பெருகின. 1956-இல் மதிய உணவு வந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் முதல் தடவையாக ஒரு பிள்ளை எழுத்தறிந்தது. பள்ளியே இல்லாத ஊரில் அதன் தரத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே முதலில் கதவைத் திறந்தது சரியான காரியம். திறந்த கதவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலையாக இருந்திருக்க வேண்டும். நம் கவனமோ மாடிக்குப் போய்விட்டது.

1978-இல் ப்ளஸ் டூ வந்தது. 1980-களில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006-இல் தமிழ்நாடு சட்டம் போட்டு நீக்கியபின், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே சாவியாயிற்று. கோழிப்பண்ணைக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்தில் விடுதிப் பள்ளிகள் எழும்பின. 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்களே கேலி செய்துகொண்டு அங்கேயே பணம் கட்டினார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைக்கும் வழக்கம் பரவியது. அதைத் தடுக்க 2017-18-இல் சர்க்கார் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தது. 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பன்னிரண்டுக்குக் கீழே பதினொன்றையே காப்பாற்ற இவ்வளவு பாடு என்றால், மூன்றாம் வகுப்பு யார் கண்ணில் படும்?

கொரோனாக் காலத்தில் இது பச்சையாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் பத்தும் பன்னிரண்டும் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் வரை காத்திருந்தது. சின்னக் குழந்தைகளின் உடம்பைப் பற்றிய பயமும் காரணம்தான். ஆனாலும், அகரம் எழுதத் தொடங்கிய குழந்தைக்கு ஏறக்குறைய இருபது மாதம் பள்ளி இல்லை. 2022-இல் கிராமங்களில் நடந்த அசர் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

அதன்பின் நடந்ததில் ஆறுதல் உண்டு. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலையில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதல் மூன்று வகுப்புகளில் ஆட்டம், பாட்டு, அட்டை, பொம்மை வழியாக வாசிப்பும் கணக்கும். வகுப்பை அல்ல, பிள்ளை நிற்கும் படியைப் பார்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதற்கு முன்னே 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலும் இதைத்தான் சொன்னது. தக்ளி சொன்னதும் இதற்கு வெகு தூரமில்லை. திட்டத்தின் பெயர் மாறுகிறது; உபாத்தியாயருக்குக் கை பழகுவதற்குள் அடுத்த பெயர் வந்துவிடுகிறது.

எனக்குத் தோன்றும் யோசனைகள் பெரியவையல்ல. பள்ளியிலேயே மிகத் திறமையான ஆசிரியை எந்த வகுப்பில் இருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் மேல் வகுப்பில் இருப்பார். அவரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பி, சம்பளத்தையும் மரியாதையையும் அங்கேயே உயர்த்த வேண்டும். ஒரு முறையைப் பிடித்தால், அதில் படித்த பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கும் வரையாவது மாற்றக் கூடாது. இந்த வரிகளை வாசிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருக்கோடியில் ஒரு சர்க்கார் தொடக்கப் பள்ளி இருக்கும். உங்கள் பிள்ளை அங்கே படிக்காமல் இருக்கலாம். ஒரு நாள் உள்ளே போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவனை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவன் திக்கினால் அதை ஊராட்சிக் கூட்டத்தில் சொல்லுங்கள். நன்றாக வாசித்தால் அந்த ஆசிரியையிடம் சொல்லுங்கள். இரண்டையும் அவர்களிடம் சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை.